நுனிக்கால் படமும் ஒரு பழுப்புக் கவரும்

நான் முதன்முதலாகப் பார்த்த இங்கிலீஷ் படத்தில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. எங்கள் ஊர் நாகலாபுரத்தில் சித்தப்பா மகளுக்குக் காதுகுத்து நடந்த அன்று, விருந்துக்கு வந்தவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று கோவில்பட்டியிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்திருந்தன. "நல்ல டான்ஸ் படமாக் குடுங்க அண்ணாச்சி" என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். கேசட் கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. படம் முழுக்க டான்ஸ்தான். ஆனால் ஆடியவர்கள் வெள்ளைக்காரர்கள், ஆடியது பாலே. கால் பெருவிரல் நுனியில் நின்றுகொண்டு ஒருத்தி பம்பரம் மாதிரி சுற்றினாள்.

"ஏட்டி, அந்த ஊர்ல தரை சுடும் போல. குதிகாலை ஊண மாட்டேங்கா பாரு" என்றாள் அத்தை.

"முள்ளு குத்திருக்கும், பாவம்" என்றார் மாமா.

பந்தலே சிரித்தது. அரைமணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து சீட்டு விளையாடப் போய்விட்டார்கள். கடைசிவரை உட்கார்ந்திருந்தது அம்மாவும், அவள் மடியில் தலை வைத்திருந்த நானும் மட்டும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் பரதம் கற்றவள். இங்கிலீஷும் தெரியும். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த ஆட்டக்காரிக்குப் புருஷன் இருக்கிறான், என் வயதில் ஒரு பையன் இருக்கிறான். பெரிய பட்டணத்து நடனக் குழுவில் சேரச் சொல்லிக் கடிதம் வருகிறது. போவதா, வீட்டோடு இருப்பதா என்று படம் முழுக்கத் தவிக்கிறாள். கடைசியில் பையனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறாள். அங்கே மேடையில் அவள் சுழல்கிறாள். இங்கே அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து, கஞ்சி மாதிரி எதையோ குடிக்கிறார்கள்.

"எம்மா, அவ திரும்பி வந்துருவாளா?"

"அதைக் காட்டலையேப்பா."

படம் முடிந்து திரை வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. அம்மா இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. போன மாதம்தான் அம்மா மெட்ராஸில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு டான்ஸ் டீச்சர் இன்டர்வியூ போய்வந்திருந்தாள். ஊருக்குச் சொன்னது, கண் டாக்டரைப் பார்க்க. வேலை கிடைத்தால் பள்ளிக்கூடத்துப் பெண்கள் விடுதியிலேயே தங்க வேண்டும். ஆம்பளைப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. "கெடச்சாப் போயிட்டு வா. ரெண்டு வருசம் நானும் அவனும் பொங்கித் தின்னுக்கிடுதோம்" என்று அப்பா சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அப்பா பொங்கியதை அதற்குமுன் ஒரே ஒரு முறை தின்றிருக்கிறேன். மிச்சத்தை நாய்க்கு வைத்தோம். அது சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது.

காதுகுத்து முடிந்து ஒரு வாரம் இருக்கும். அம்மா துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில், தபால்காரர் நீளமான பழுப்புக் கவர் ஒன்றை என் கையில் கொடுத்தார். மெட்ராஸ் முத்திரை. நான் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? மிச்சக் கதையைத்தான் படத்திலேயே பார்த்தாயிற்றே.

முதலில் அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அம்மா தினம் கைவிட்டு அளக்கிற பானை. வெளியே எடுத்தேன். பாய்க்கு அடியில் வைத்தேன். பாயைத் தினம் உதறுவாள். தின்றே விடலாம் என்று ஒரு முனையைக் கடித்துப் பார்த்தேன். அப்பாவின் சமையலுக்கு அது தேவலை என்றாலும் கவர் ரொம்பப் பெரியது. கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பருத்தி பிடுங்கிக் கிடந்த காட்டுக்கு ஓடினேன். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கையை விட்டால் தோள்வரை இறங்கும். அதற்குள் விழுந்த பம்பரத்தை எங்கள் ஊரில் எவனும் திரும்ப எடுத்ததில்லை. கவரை உள்ளே செருகினேன். பாதியில் சிக்கி நின்றது. பருத்திமார்க் குச்சி ஒன்றை ஒடித்து, அழுதுகொண்டே குத்திக் குத்தி இறக்கினேன்.

அதற்குப் பிறகு நாளைக்கு மூன்று தடவை போய்க் குனிந்து பார்த்தேன். விதைத்தது முளைக்கிற நிலமாயிற்றே என்று பயம். கவர் முளைத்து, இலை இலையாக மெட்ராஸ் முத்திரையோடு நிற்கிற மாதிரி கனவெல்லாம் வந்தது.

மறுநாளிலிருந்து அம்மா கேட்க ஆரம்பித்தாள்.

"ஏலே, தபால் ஏதும் வந்துச்சா?"

"வரலம்மா."

முதல் இரண்டு நாள் இதோடு சமாளித்தேன். மூன்றாம் நாள் தபால்காரர் நம் தெருவுக்கே வரவில்லை என்றேன். நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவருடைய சைக்கிளைப் பஞ்சராக்கினேன்.

"எந்த டயர்லே?" என்று கேட்டாள்.

"முன் டயர்."

"பாவம்" என்றாள். என் மோவாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். இப்படி ஒன்பது நாள்.

இப்போது எனக்கு ஐம்பதை நெருங்குகிறது. அம்மா கோவில்பட்டியில் எங்களோடுதான் இருக்கிறாள். போன மாதம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், ஏதோ தமாஷ் சொல்வதுபோல இதை எடுத்துவிட்டேன். கவர் முளைத்த கனவுவரைக்கும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்லே. தபால்காரரு மறுநாளே சொல்லிட்டாரே, பையன் கையில குடுத்தேன்னு. வேலை கெடச்சாத்தான் கவர் வரும்னு இன்டர்வியூலயே சொல்லியிருந்தாங்க. ஒரு தந்தி அடிச்சா இன்னொண்ணு அனுப்புவாங்கன்னு அப்பாவும் சொன்னாவ."

"பிறகு ஏம்மா தினமும் கேட்ட?"

"பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள போய்ச் சேரணும். பத்து நாள் இருந்துச்சு. நீயா வந்து சொல்லிட்டன்னா, சரி, இவன் தாங்கிக்கிடுவான்னு கிளம்பியிருப்பேன். நீ என்னடான்னா அந்த மனுசன் சைக்கிளைப் பஞ்சராக்கிட்டு நின்ன."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு அவள் ஆய்ந்த கீரையையே எடுத்து மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் அம்மா கேட்கவில்லை. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கென்று ஒரு பொய்யைக் காலையிலிருந்தே தயாராக வைத்திருந்தேன்: தபால்காரருக்குக் கயத்தாறுக்கு மாற்றலாகிவிட்டது. சாயங்காலம் அவள் எனக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரிவிட்டாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் வாரினாள். இவ்வளவு நல்ல பொய் வீணாய்ப் போகிறதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். மற்றபடி, அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டாள், நான் ஜெயித்துவிட்டேன் என்று, கோலிக்குண்டுகளை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.