விளக்கெரிந்தால் குளிரும் பெட்டி

அடியில் விளக்கைக் கொளுத்தினால் மேலே பனி உறையும் என்று சொல்லிப் பிழைப்பவனை யாரும் முதல் பேச்சிலேயே நம்பிவிட மாட்டார்கள். அடுத்தவர் வீட்டு இயந்திரத்தின் முன்னால் முழங்காலிட்டு, முதுகுக்குப் பின்னால் நிற்கும் மொத்தக் குடும்பத்தின் யோசனைகளையும் கேட்டபடி திருகாணி முடுக்கிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்களும் நானும் ஒரே கட்சி.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய காலம் அது. மலைத்தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன மண்ணெண்ணெய் ஐஸ்பெட்டிகள் நாஞ்சில் நாட்டிலும் அதற்கு மேற்கேயும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கைமாறி வந்தன. நாகர்கோவிலில் ஒரு கடையில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் ஸ்டவ்வுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த என்னை, "எல்லாம் மண்ணெண்ணெய்தானே" என்று முதலாளி அதற்கும் அனுப்பிவிட்டார். என்னிடம் அவர் கண்ட ஒரே குறை என் வாய்தான். "இவன் கை அரைமணி வேலை செய்தால் வாய் அரைநாள் வேலை செய்யும்" என்பார். பொய்யில்லை. ஒரு வீட்டில் நடந்ததை அடுத்த வீட்டில் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மற்ற பெட்டிகள் நின்றுபோனால் மோர் புளிக்கும், அவ்வளவுதான். குழித்துறை தங்கம்மை டீச்சர் வீட்டுப் பெட்டி அப்படியில்லை. அவருடைய பத்து வயது மகள் ராஜத்துக்குச் சர்க்கரை நோய். அவளுக்குத் தினமும் போடவேண்டிய இன்சுலின் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சூட்டில் அது கெட்டால் அடுத்த புட்டி திருவனந்தபுரத்திலிருந்து வந்தாக வேண்டும். அந்த வீட்டுக்குப் போகும்போது மட்டும் என் சைக்கிள் தானாகவே வேகம் பிடிக்கும்.

பூவால் தொட்டது

தாழக்குடியில் ஒரு வயல்காரர் வீட்டில் பெட்டியை இறக்கி, விளக்கைக் கொளுத்தி, "காலைவரை நன்றாகக் குளிர வையுங்கள், அப்புறம் பாலை உள்ளே வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் மதியத்துக்குள் ஆள் வந்துவிட்டது. பால் திரிந்துபோயிற்றாம். போய்ப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. திரியை வெளியே எடுத்தேன். அதன்மேல் கருகிப்போன பிச்சிப்பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எரிகிற விளக்கை 'அணை' என்று அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. 'குளிர வை' என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்காரி சிவகாமியம்மாள் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருந்தார். வாயால் ஊதாமல், பாலில் நனைத்த பூவால் தொட்டு, மரியாதையாகக் குளிர வைத்திருந்தார். அந்த நறுவிசை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கும்பிடத் தோன்றும். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு. "நீங்கதானே குளிர வைக்கச் சொன்னிய? பின்ன என்ன, அடுப்பத் தணிக்க மாதிரி தண்ணியக் கோரி ஊத்தணுமா?"

சைக்கிள் டியூப்

மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் பொன்னுமுத்துவின் சர்பத் கடை. நெற்றியில் வெள்ளை நாமமும் தலையில் முண்டாசுமாக உட்கார்ந்திருப்பார். பெட்டிக்குள் பனி சுவர் எழுப்பியிருந்தது. பாட்டில்கள் மட்டும் குளிரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துக் காட்டினேன். தடையில்லாமல் கையோடு வந்தது. கதவோரத்து ரப்பர் செத்துவிட்டது, ஈரக்காற்று உள்ளே போய்ப் பனியாகிறது, புது ரப்பர் பம்பாயிலிருந்து வந்தால்தான் உண்டு என்று கையை விரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, மனிதர் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, தையல்காரரிடம் கொடுத்து மடித்துத் தைத்து வாங்கி, கதவைச் சுற்றி ஒட்டியிருந்தார். காகிதத்தை வைத்து இழுத்தேன். கிழிந்ததே தவிர வரவில்லை. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டு, குளிர்ந்த சர்பத் ஒன்றை என் கையில் கொடுத்தார். "சைக்கிளுக்கு காத்து வெளிய போவப்பிடாது, பெட்டிக்கு காத்து உள்ள போவப்பிடாது. ரெண்டும் ஒரே சோலிதானே மக்கா!"

சாட்சி

இந்தப் பெட்டி துளி சாய்ந்து நின்றாலும் விளக்குச் சூட்டில் குழாய்க்குள் சுற்றிக் குளிரவைக்கும் மருந்துத் தண்ணீர் ஓடாது. பத்மநாபபுரத்தில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரிடம், "தரை சாய்ந்திருக்கிறது" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அரண்மனையில் தரை போட்டவர்களின் வாரிசு போட்ட தரையாம் அது. வாதம் காப்பி வரும்வரை நடந்தது, காப்பி குடித்த பிறகும் நடந்தது. கடைசியில் அவர் வீட்டு எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கிப் பெட்டியின் காலடியில் வைத்தேன். அது அலட்டிக்கொள்ளாமல் உருண்டு, தண்ணீர் போகும் மடையில் போய் நின்றது.

அவர் பழத்தை எடுத்து, எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் மடை. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் மடை. பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து ஒரு சிரிப்புச் சிரித்தாரே, தோற்றபின் அப்படி மனம்விட்டுச் சிரிக்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. "குறுக்கு விசாரணை பண்ணியும் சாட்சி மாற மாட்டேங்கு. காலுக்கு ஆப்ப வையும் வே!"

சிரசாசனம்

டீச்சர் வீட்டுப் பெட்டி முதல்முறை நின்றபோது ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். சுடர் நீலமாக எரிந்தது, புகைக்குழாயில் கரியில்லை, காகிதம் வரவில்லை, எலுமிச்சை நகரவில்லை. ஆனாலும் குளிர் இல்லை. அப்படியென்றால் அடைப்பு குழாய்க்குள்ளே. வைத்தியம் ஒன்றுதான். விளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பெட்டியைத் தலைகீழாக நிறுத்திவிட வேண்டும். உள்ளே களகளவென்று சத்தம் கேட்கும். ஒருநாள் அப்படியே விட்டு, நிமிர்த்தி, சற்று ஓய்வு கொடுத்துக் கொளுத்தினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இன்சுலின் புட்டி அதுவரை என்னாகும் என்று நான் கேட்பதற்குள், டீச்சர் ஈரமணல் நிரப்பிய பானையில் அதை இறக்கி, நனைந்த துணி போட்டு மூடியிருந்தார்.

பெட்டி தலைகீழாக நின்ற நேரமெல்லாம் நான் சும்மா இருப்பேனா? பிச்சிப்பூ, டியூப், எலுமிச்சை என்று கைவசம் இருந்த கதைகளையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். ராஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் மட்டும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, "பெறகு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ராஜத்தின் கவலை வேறாக இருந்தது. "அம்மா, இப்பிடி நிப்பாட்டினா பெட்டிக்கு தல சுத்தாதா?"

மழை

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு வாரம். ஆறு கரை மீறிச் சாலையெல்லாம் வெள்ளம். குழித்துறைப் பக்கமிருந்து தப்பிவந்த கடைசி பஸ்ஸின் கண்டக்டர் கடைக்கு வந்து, "டீச்சருக்க பெட்டி நின்னுபோச்சாம், உடனே வரச் சொன்னாவ" என்றார். அதோடு பஸ்ஸும் நின்றது. சைக்கிளில் கிளம்பி, மரம் விழுந்த இடத்தில் திரும்பி வந்தேன். வெள்ளம் வடியும்வரை எனக்குச் சோறும் இல்லை, பேச்சும் இல்லை. முதலாளி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வழி திறந்த அன்று போய்ச் சேர்ந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ராஜம் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் பெட்டியின் அடியில் சுடர் நீலமாக எரிந்தது. கதவைத் திறந்தால் முகத்தில் குளிர். நடுத்தட்டில் புட்டி பத்திரமாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மழைத்தண்ணீர் என்று சொல்லவும் வழியில்லை, அன்று நல்ல வெயில்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். முதலில் சுடரைப் பார்த்தாராம், அப்புறம் கரி, காகிதம், எலுமிச்சை. எல்லாம் சரியாக இருக்கவே, புட்டியை மணல்பானையில் இறக்கிவிட்டு விளக்கை அணைத்தாராம். "பூவால தொடல்ல" என்றார், முகம் மாறாமல். எண்ணெயை வடித்து, அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, மறுநாள் நிமிர்த்திக் கொளுத்தியிருக்கிறார். நான் திறக்காத என் கருவிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "என் கதைக்கு நீங்கள் சிரித்ததே இல்லையே டீச்சர்" என்றேன்.

"சிரிச்சது பிள்ளையாக்கும். நான் பாடம் கேட்டுக்கிட்டில்லா இருந்தேன். எனக்க பிள்ளைக்க உயிரு அந்தப் பெட்டிக்குள்ளயில்லா இருக்கு."

வாயை மூடத் தெரியாதவன் என்றே கடைசிவரை பெயரெடுத்தேன். ஆனால் நான் பார்த்த பழுதுவேலைகளிலேயே உருப்படியானது அந்த வாய் பார்த்ததுதான்.