அம்புரோஸ் நிரப்பாத கட்டம்

இதை எழுதுபவன் அம்புரோஸை முதன்முதலில் பார்த்தது வடசென்னை டோல்கேட்டில், ஒரு டீக்கடை வாசலில். குடைக் கட்சிக்கு வாக்காளர் கணக்கு எடுத்துத் தரும் நிறுவனத்தில் அவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். பூத் ஏஜெண்டுகளின் போனில் ஒரு செயலியை ஏற்றி, நிரப்பச் சொல்லித்தர வேண்டும். அரசியல் அறிவியலில் எம்.ஏ.; அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அதை மறக்காமல் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டான்.

அம்புரோஸ் உட்காரவில்லை. நின்றபடியே டீயை ஊதிக்கொண்டு கேட்டார்.

"எம்.ஏ.வா நைனா? அப்போ நீயே சொல்லு. எங்க கட்சி இடதா, வலதா?"

கட்சியின் கொள்கை அறிக்கையிலிருந்து அவன் ஆரம்பித்தான். எந்த வருசத்து அறிக்கை என்று அவர் குறுக்கே கேட்டார். அவனுக்குத் தெரிந்தது ஒரே அறிக்கைதான்.

அம்புரோஸுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. தண்டையார்பேட்டைக் குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வீடு ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில். இருபத்தைந்து வயதில் அவர் சேர்ந்தபோது குடை தொழிலாளர் கட்சியாக இருந்தது. துறைமுக வேலை சர்க்காரிடமே இருக்க வேண்டும் என்று அவரே மைக் பிடித்திருக்கிறார். ஏணிக் கட்சியை முதலாளிகளின் கட்சி என்று சுவரில் எழுதியிருக்கிறார். ஆட்சிக்கு வந்ததும் குடை கான்ட்ராக்ட் முறைக்குத் தலையாட்டியது. அதற்கு வளர்ச்சி என்று பேர் வைத்தார்கள். பிறகு அதே ஏணியோடு கூட்டணி. கூட்டணி முறிந்ததும் ஏணிக்காரர்கள் தொழிலாளர் கோஷத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அம்புரோஸ் எழுதிய வாசகம் எழுத்து மாறாமல் அதே சுவரில் ஏணிச் சின்னத்துக்குக் கீழே வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே தினமும் வேலைக்குப் போனார். கட்சி என்ன பேசினாலும் சின்னம் குடைதானே என்பது அவருடைய சமாதானம்.

அவருக்கு முக்கியம் ஒரு நாற்காலி. ஓட்டுப் போடும் நாளில், பள்ளிக்கூட வகுப்பறைக்குள், குடைக் கட்சி ஏஜெண்டுக்கான நாற்காலி. ஏழு தேர்தலாக அதில் அவர்தான். சாயங்காலம் வெளியே வந்ததும் வட்டச் செயலாளர் அசோகனிடம், குடைக்கு விழுந்த ஓட்டு இத்தனை என்று ஒரு எண்ணைச் சொல்வார். ஓட்டு எண்ணும்போது பார்த்தால் நாலைந்துதான் கூடக் குறைய இருக்கும். அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் அல்ல.

போன தேர்தலில் அந்த எண்ணுக்கு அறுபத்து மூன்று ஓட்டு குறைந்தது.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் வாக்காளர் பட்டியலைப் பிரித்துவிடுவார். யார் அந்த அறுபத்து மூன்று பேர் என்று தெரு தெருவாக யோசித்துக்கொண்டே நடப்பார். அசோகன் கட்சி ஆபீசில் நாலு பேர் நடுவே, கிழவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு என்று சொல்லிச் சிரித்தது அவர் காதுக்கு வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் செயலி வந்தது. அவர் பூத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொருவரையும் ஐந்தில் ஒரு கட்டத்தில் போட வேண்டும்: இடதுசாரி, வலதுசாரி, திராவிடம், தமிழ்த்தேசியம், நடுநிலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சமர்ப்பிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் முடிக்காதவருக்கு நாற்காலி இல்லை, பக்கத்துத் தெருவில் சாவியோ என்றொருவன் தயாராக இருக்கிறான் என்று அசோகன் சொல்லிவிட்டார். பத்து நாள் இருந்தது.

அம்புரோஸின் பழைய முறை வேறு. வீட்டுக்கு ஒரு பென்சில் கோடு. வீட்டு ஆம்பளையிடம் பேசினால் போதும். நாலு ஓட்டும் ஒரே பக்கம். செயலியோ ஆள் ஆளாகக் கேட்டது. முதல் நாளே ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஞானம் அவரைத் திணறடித்தார். மே தினத்துக்குச் செங்கொடி பிடிப்பவர், ஓட்டு ஏணிக்கு, வீட்டில் மாட்டியிருப்பது குடைத் தலைவரின் படம். என்னை எதில் போடுவாய் என்று அவரே கேட்டார்.

"உன்னைப் போட்டா போனு படுத்துக்கும் மாமு" என்றார் அம்புரோஸ்.

மூன்றாம் நாள், தண்ணி லாரி வரிசையில் ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பது வருசமா எங்க வூட்டாண்ட வந்து அவரைத்தான கேப்ப. இன்னா புதுசா என்னாண்ட வர்ற?"

அவள் புருஷன் குடைக்காரர். அவளோ ஏணிக்குப் போட்டிருந்தாள். அம்புரோஸ் வரிசையில் அடுத்தவளிடம் கேட்டார். அடுத்தவளிடமும். பூசை முடிந்து வருகிறவர்கள், ரேஷன் கடையில் நிற்கிறவர்கள் என்று பெண்களை மட்டும் தேடிப்போனார். வேலைக்கு இரண்டு நாள் மட்டம் போட்டார். குடைக்கார வீட்டில் இருந்துகொண்டு வேறு பக்கம் போட்டவர்கள் ஐந்தாம் நாளே நாற்பதைத் தாண்டியாயிற்று. எட்டாம் நாள் அறுபத்திரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒருவர்.

ஞாயிறு மதியம் தன் வீட்டுக் கதவு எண் வந்தது. தன் பெயரைத் திராவிடம் என்று போட்டார். கட்சி மேடையில் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த பெயர் ரோஸ்மேரி. அவர் மனைவி. காசிமேட்டில் மீன் விற்கிறவள்; அவள் தம்பிகள் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். போன தேர்தலில் குடைக்குத்தானே போட்டாய் என்று, கேள்வி மாதிரி இல்லாமல் கேட்டுவைத்தார்.

இல்லை என்றாள்.

அவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். எப்போதிலிருந்து மாறினாய் என்று கேட்டார்.

"நான் எங்கய்யா மாறினேன்? துறைமுகத்தைப் பெருசாக்கக் கடலுக்குள்ள கல்லு கொட்ட வாணாம்னு உங்க ஆளுங்க சொல்லிகினு இருந்தாங்க, குடைக்குப் போட்டேன். ஆட்சி வந்ததும் அவங்களே கொட்டுனாங்க. ஏணிக்காரன் வாணாம்னான், அவனுக்குப் போட்டேன். நாளைக்கு அவனும் கொட்டுவான். அப்போ வேற ஆளு பாப்பேன்."

அவர் நடுநிலை என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இன்னா போடப்போற?"

"நடுநிலை."

"நான் நடுவுலயா கீறேன்? கல்லு வாணாம்னு ஒரே பக்கம்தான் நிக்குறேன். நடுவுல நிக்குறவ மாதிரி என்னை எழுதாத."

விரலை எடுத்துவிட்டார். இடது என்றால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், வலது என்றாலும் மாட்டாள். பொழுது போய்க்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு அசோகன் போன் செய்தார். எல்லாம் பச்சையாகி ஒரே பெயர் நிற்கிறதே, எதையாவது தட்டிவிடுங்கள் அண்ணே, மேலே யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். எம்.ஏ. படித்தவனும் போன் செய்து அதையேதான் சொன்னான்.

அம்புரோஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு சந்துக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஐந்தரைக்கு அசோகனை அவரே கூப்பிட்டார்.

"கேக்காம எதையாவது எழுதித்தான் அசோகா போன தபா அறுபத்து மூணு போச்சு. என் வூட்லயே தப்பா எழுதிட்டு, அந்தச் சேர்ல குந்திகினு இன்னா எண்ணைச் சொல்லுவேன்?"

அசோகன் போனை வைத்துவிட்டார். ஆறு மணிக்குச் செயலி மூடிக்கொண்டது.

தேர்தலன்று நாற்காலியில் சாவியோ உட்கார்ந்தான். அம்புரோஸ் வெளியே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். அவர் இன்னும் குடைக் கட்சி உறுப்பினர்தான்; அட்டையைப் புதுப்பித்திருக்கிறார். பூத் வேலை எதுவும் அவரிடம் கொடுப்பதில்லை. அதே குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இந்தச் செப்டம்பரோடு ஓய்வு.