காதில் ஒரு கிளிப்

பிசியோதெரபி என்றாலே எண்ணெய் போட்டு நீவி விடுவது என்று நம்பும் ஊரில் கிளினிக் வைத்திருப்பவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஆரணியில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரு சின்ன மெஷின் வாங்கினேன். காது மடலில் கிளிப் மாட்டினால் நரம்பில் எறும்பு ஊர்வதுபோல லேசாகக் கரண்ட் போகும். யோசிக்கும் திறன், முடிவெடுக்கும் திறன் கூடும் என்றார் விற்றவர். "கூடலாம், கூடாமலும் போகலாம்" என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். முதல் பாதி மட்டும்தான் அவர்கள் காதில் விழும்.

இரண்டு வரன்

பட்டு வியாபாரி ஒருவர் கழுத்து வலிக்கு வந்துகொண்டிருந்தார். மகளுக்கு வெம்பாக்கத்தில் ஒரு வரன், கலசப்பாக்கத்தில் ஒரு வரன். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கிளிப் மாட்டச் சொன்னார். செல்போனை வாங்கி வைத்துவிட்டு மாட்டினேன். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தவர், நேரே வீட்டுக்குப் போய் மகளையே கேட்டுவிட்டார். அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை. மறுநாள் சோர்ந்துபோய் வந்தார்.

"ரெண்டு பேருமே வேணாமாம். இன்னிக்கு ரெண்டு காதுலயும் மாட்டுங்க டாக்டரம்மா."

பரீட்சை

சந்தவாசலிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். துறைத் தேர்வு நெருங்கிவிட்டது. கிளிப்பைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இத மாட்டிகினே எழுத உடுவாங்களா?"

காபியா, டீயா?

நெசவாளி வரதனுக்குப் பக்கவாதம். கை கால் தேறிவிட்டது. ஆனால் எதைக் கேட்டாலும் முடிவு சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். வீட்டில் எல்லா முடிவும் எடுத்த மனிதர். இப்போது அவருக்கும் சேர்த்து மனைவி சரோஜாவே பதில் சொல்வார். பயிற்சியோடு கிளிப்பும் மாட்டினேன். "அவர் சொல்லும்வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது" என்று சரோஜாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பாவம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள், சரோஜா எதை வாங்கி வரட்டும், காபியா டீயா என்று நான் கேட்டுவிட்டு வழக்கம்போல் காத்திருந்தோம். வரதன் சரோஜா பக்கம் திரும்பினார். "காபி. நேத்து மாதிரி கழனித்தண்ணியா கொண்டாந்தே, மூஞ்சில ஊத்துவேன்" என்றார். சரோஜா அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திட்ட ஆரம்பிச்சிட்டாரும்மா, இனிமே எனக்குப் பயமில்ல."

எனக்கும்

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போவதா, இருப்பதா? கிளிப்பை நானே மாட்டிக்கொண்டேன். அரை மணி ஆயிற்று. உதவிக்கு இருக்கும் மல்லிகா எட்டிப் பார்த்து, முடிவு வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்ப ஏந்திரிங்க மேடம், வெளிய நாலு பேரு வலியோட உக்காந்துகினு இருக்காங்க."

அந்தக் கரண்ட் மூளையை என்ன செய்தது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் ஆரணியில் ஒரு மனிதரை அரை மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் உட்காரவைக்க அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.