வாழ்க்கைக் குறிப்பில் நான் எழுதாமல் விட்ட காடு

எங்கள் அக்கா கர்த்தருக்குள் உறங்கி இன்றோடு ஓராண்டு ஆகிறது. அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அதை எழுதியவன் தம்பியாகிய நான்தான். அதில் முக்கால்வாசி அக்காவை விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரை அதற்கான திருத்தம்.

அக்கா சிட்லபாக்கத்தில், பள்ளி ஆசிரியர்களான எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். ஞானஸ்நானம், படிப்பு, மறைமலை நகர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை எல்லாம் போன வருடமே கேட்டாயிற்று. கேட்காதது இதுதான்: வேலைக்குப் போன நாளிலிருந்து மாதம் ஒருமுறை அக்கா காட்டுக்குப் போனார். பாடகர் குழுவில் மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் இடம் காலியாக இருந்தது அதனால்தான். வயிற்றுவலி என்று அம்மா சொல்லி வந்தது பொய்.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் பஸ் ஏறுவார். வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் நண்பர்களோடு தங்குவார். ஒரு தார்ப்பாயும் கொஞ்சம் கயிறும் இருந்தால் கால் மணி நேரத்தில் ஒழுகாத கூரை கட்டிவிடுவார். மழையில் ஊறிய விறகைப் பிளந்து, உள்ளே காய்ந்திருக்கும் நடுக்கட்டையைச் சீவி, அந்தச் சீவலில் தீ மூட்டுவார். பச்சை மரத்தில் கத்தி வைக்க மாட்டார். கிளம்பும்போது சாம்பலை ஆறவைத்து, கிளறிப் பார்த்து, மண்ணோடு மண்ணாக்கிவிட்டுத்தான் பையைத் தூக்குவார். "யாரோ இங்க தங்கிட்டுப் போயிருக்காங்கன்னு தெரிஞ்சா நம்ம வேல ரிஜெக்ட்டு" என்பார். தொழிற்சாலைப் புத்தி அங்கேயும் விடவில்லை.

பெண் பார்க்க வந்த நாளை நம் உறவினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "உனக்குப் பொழுதுபோக்கு என்னம்மா?" என்று கேட்டார். தையல் என்று சொல்லச் சொல்லி அம்மா கண்ணால் ஜாடை காட்டினார். அக்கா, "காட்டுல தார்ப்பாய் கட்டித் தூங்குறது ஆன்ட்டி" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அதை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். விட முடியாது என்று அக்கா பதில் அனுப்பினார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா மீதமிருந்த கேக்கையும் மிக்சரையும் டப்பாவில் கட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டார். "குடும்பத்துக்காகவே திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தார்" என்று நான் குறிப்பில் எழுதியது அப்பட்டமான புளுகு.

எங்கள் தெருவில் இடுப்பளவு வெள்ளம் நின்றபோது, அக்கா மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி, ஈர விறகில் அடுப்பு மூட்டி, மூன்று நாள் தெருவுக்கே கஞ்சி காய்ச்சினார். அடக்கத்தன்று பெரியப்பா என்னிடம், "வெள்ளத்துல செஞ்சத எழுது, காட்ட விட்டுடு. பொம்பளப் பிள்ள காட்டுல படுத்துக் கெடந்தான்னு சர்ச்சுல வாசிக்கவா முடியும்?" என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த வெள்ளத்தைப் பற்றி நான் பெருமையாகப் பேசியபோது அக்கா சொன்னது வேறு.

"டேய், வெள்ளம் வரும்னு தெரிஞ்சா காட்டுக்குப் போனேன்? எனக்குப் பிடிச்சிருந்துது, போனேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான். அக்கா சேவை செய்யப் போகவில்லை. மனம் உடைந்தும் போகவில்லை. சந்தோஷமாக இருக்கப் போனார், இருந்தார். ஒரு பெண் முப்பது வருடம் தனக்குப் பிடித்ததைச் செய்ததற்குக் காரணம் கேட்கிறவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

கடைசியில் புற்றுநோய் வந்தது. "காட்டுல கண்ட தண்ணியக் குடிச்சா?" என்று மருத்துவமனைக்கே வந்து கேட்டவர்கள் உண்டு. அப்பா இதே நோயில்தான் போனார். அவர் குடித்தது வீட்டில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். கடைசி வாரங்களில் அக்கா வேதனையோடு இருந்தார், பயந்தும் இருந்தார், ஆனால் வருந்தவில்லை.

அடக்கம் முடிந்ததும் அக்காவோடு காட்டுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். பெருங்களத்தூரில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"இன்னாண்ணா, அதுல காடே இல்ல? அக்கா எங்க கூட வந்ததே இல்லைன்ற மாதிரி கீது."

உயிரோடு இருந்தபோது யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒன்றை, அக்கா எதிர்த்துப் பேச முடியாத நாளில் நான் விட்டுக்கொடுத்திருந்தேன். ஒரு வருடமாக அந்த வெட்கம் என்னை அரித்துத் தின்கிறது.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த ஆயருக்கும், மாறி மாறிச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. திட்டிக்கொண்டே மருத்துவமனையில் உடனிருந்த பெரியப்பாவுக்கும் நன்றி. இந்தக் கட்டுரையை இன்று ஆராதனையில் ஒரு வரி விடாமல் நானே வாசிக்கப் போகிறேன். அது முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், பெரியப்பா.

அக்காவின் காட்டு நண்பர்கள் ஆறு பேரும் வந்திருக்கிறார்கள். ஆலயத்தில் முதல் வரிசையை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். அது குடும்பத்தார் உட்காரும் இடம் என்று யாராவது எனக்கு நினைவுபடுத்த வந்தால், ஆமாம், அதனால்தான்.