கீப்பர் கார்டு

என் வீட்டுக்காரர் ஏலம் கேட்க ஆரம்பித்தது கொரோனா ஓய்ந்த பிறகு. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை அவருக்கு. மில் பஸ்ஸில் கூட வருகிறவர் போனில் காட்டிய வாட்ஸ்அப் ஏலக் குழு அது. பழைய நாணயம், தபால்தலை, அப்புறம் அந்தக் காலத்தில் பபிள்கம் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த கிரிக்கெட் கார்டு எல்லாம் அதில் ஏலத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே நின்று விலை கேட்டுக்கொண்டிருப்பார். கறி வாங்கப் போக வேண்டிய நேரம் அது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விற்கிறவன், 'தாத்தா பெட்டியில இருந்துச்சு ப்ரோ, ஒரிஜினல்' என்று எழுதுவான். அந்தத் தாத்தா எத்தனை பெட்டிதான் வைத்திருந்தாரோ, வாராவாரம் ஒன்று திறந்துகொண்டே இருந்தது. துபாயில் ஒருத்தர், சென்னையில் ஒருத்தர், திண்டுக்கல்லில் இவர் என்று மூன்று பேரும் முட்டி மோதி விலையை ஏற்றிவிடுவார்கள். ஒரு அட்டைத் துண்டுக்கு ஒரு மூடை பொன்னி அரிசி விலை போகும். "ஏங்க, அவன் நேத்துதான் அச்சடிச்சிருப்பான்" என்பேன். "ஒனக்கு என்ன தெரியும்? ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கு பாரு" என்பார். டீயில் முக்கினால் என் கர்சீப்கூடத்தான் பழுப்பேறும்.

அதற்கு மேல் நான் பேசாததற்குக் காரணம் அவர் தம்பி. எனக்குக் கொழுந்தன் முறை, ஆனால் நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மஞ்சக்காமாலையில் போய்விட்டான். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் கார்டு சேர்த்திருக்கிறார்கள். அணியில் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள், விக்கெட் கீப்பர் மட்டும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பையன் அதையே கேட்டிருக்கிறான். "நாளைக்கு வாரப்ப கொண்டாரேன்டா" என்று சொல்லிவிட்டு இவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருந்த கார்டுகள் அத்தனையையும் என் மாமியார் சவப்பெட்டியில் பிள்ளையோடு வைத்து அனுப்பிவிட்டார். வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

போன தவக்காலத்தில் அந்தக் கீப்பர் கார்டு ஏலத்துக்கு வந்தது. துபாய்க்காரர் விடவில்லை, இவரும் விடவில்லை. கடைசியில் இவருக்கே கிடைத்தது. கூரியரில் வந்த கவரைப் பிரித்து, கார்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் முழுங்கிவிட்டுக் காப்பி போடப் போனேன்.

ஆடி மாதம் மாமியார் தவறிப்போனார். சின்னவன் குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். எங்களில் அது வழக்கம்தான். குடும்பக் கல்லறையைத் திறந்து, பழைய எலும்பை எடுத்துப் புதுத்துணியில் கட்டி, புதிதாக வருகிறவர் கால்மாட்டில் வைப்பார்கள். இவர் சட்டைப் பையில் அந்தக் கார்டை எடுத்து வைத்துக்கொண்டார். "அம்மா கையில வச்சு விடப்போறேன். அவங்க கொண்டுபோய்க் குடுக்கட்டும்" என்றார். குழி தோண்டும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. அவரைத் தனியே அனுப்ப மனசு கேட்காமல் நானும் போனேன்.

செம்மண்ணும் சுக்கான் கல்லுமாக வெளியே வந்தது. எலும்புகளோடு ஒரு சோப்பு டப்பாவும் வந்தது. குழி வெட்டுகிறவர் மண்ணைத் தட்டிவிட்டு இவரிடம் நீட்டினார். மூடியைச் சுற்றி மெழுகு. பிள்ளையின் சாமான் நனையக் கூடாது என்று மாமியார் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி அடைத்திருக்கிறார். இவர் வண்டிச் சாவியால் மெழுகைச் சுரண்டித் திறந்தார். கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேலே இருந்தது மட்டும் முழுசாகத் தெரிந்தது. சாயம் மங்கிய ஒரு ஆட்டக்காரர், மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி.

பையில் இருந்த கீப்பரை எடுத்து அதன்மேல் வைத்தார். டப்பாவுக்குள் போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பழைய கார்டு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஏலத்தில் வாங்கியவை எல்லாம் இந்தக் கீப்பர் அளவுதான். அப்படியானால் எங்கள் அலமாரியில் இருப்பது அத்தனையும் போலி.

"இம்புட்டூண்டாவா இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். "உள்ளங்கை நெறயா இருந்த மாதிரியே எனக்கு ஞாபகம்."

இருந்திருக்கும். அப்போது அவர் உள்ளங்கை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கப் போகிறது! விற்றவன் எதிரே இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன். "ஓரத்த வெட்டி உள்ள வச்சிருவமா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

சாயங்காலம் அடக்கத்தின்போது டப்பாவை மறுபடி மெழுகு ஊற்றி அடைத்து, எலும்புத் துணியோடு அம்மா கால்மாட்டில் வைத்தார். கீப்பரை வைக்கவில்லை. சாமியார் செபம் முடித்ததும் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். இவர் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏலே, இது டூப்பு. ஒன்னய ஏமாத்த மாட்டேன்டா. நான் வாரப்ப ஒரிஜினலாக் கொண்டாரேன்."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எதற்கு இந்தப் பேச்சு என்று கோபம். பயமும்தான். அந்தக் குழியை அடுத்துத் திறந்தால் எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தானே.

இப்போதும் ஏலம் கேட்கிறார். விவரமாகிவிட்டார். முதலில் அளவு கேட்கிறார், பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். ஒத்துவராவிட்டால் ஒதுங்கிக்கொள்கிறார், துபாய்க்காரர் கொட்டிக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். நான் இப்போது தடுப்பதில்லை. பூசையில் முழங்காலில் நிற்கும்போது மட்டும் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். அந்த அசல் கார்டு இவர் கைக்குக் கிடைக்கவே கூடாது.