ரெண்டு கால்வாய் வெட்டின வருஷம்

எனக்கு வயசு எழுபத்தாறு. பெத்தது எட்டு, தங்கினது அஞ்சு. செத்துப்போன நாத்தனார் விட்டுட்டுப் போன புள்ளைங்க ரெண்டையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏரியில இடுப்பளவு தண்ணியில நின்னு, கையால எறா தடவிப் புடிச்சு வளர்த்தேன். யார் வாசல்லயும் போய் நிக்கல. இதை முதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லுவேன்.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். உலாந்தாக்காரர், அந்த டச்சுக்காரங்க, கோயில் பள்ளிக்கூடத்துல மணல்ல விரல் வெச்சுப் படிச்சது. ஓலையில எழுதினா கோணும். கோணினாலும் என் கையாலதான் எழுதுறேன். வேற யாராவது எழுதினா அவங்க அவங்க கோயில் பக்கமா சாய்ச்சு எழுதிடுவாங்க. இது ஒரு பக்கமா சாயக்கூடாத சங்கதி. என் வயித்துல பொறந்தவளோட உசுரு இதுல இருந்துச்சு.

பழவேற்காட்டுல வேதக்காரங்க அப்போ ரெண்டு கூட்டம். மாதா கோயில்காரங்க பழையவங்க, போர்த்துக்கீசுக்காரன் காலத்துலேருந்து இருக்கிறவங்க. கோட்டைக்கு உலாந்தாக்காரர் வந்தப்புறம் அவங்க கோயில்ல சேர்ந்தவங்க நாங்க. சாமிய அவங்க சர்வேசுரன்னு கூப்பிடுவாங்க, நாங்க பராபரன்னு கூப்பிடுவோம். மாதா திருநாளுக்கு அவங்க படகுல சுரூபம் ஏத்திக்கினு ஏரியச் சுத்தி வருவாங்க. அது எங்க ஜெப வேளையில வந்துட்டா எங்க ஆளுங்க கல்லெடுப்பாங்க. அவங்க மேளத்தை இன்னும் பலமா அடிப்பாங்க. கெணத்தடியில பொம்பளைங்க நாங்க, குடத்தோட குடம் உரசாம தண்ணி எடுப்போம்.

என் வூட்டுக்காரர் எங்க கோயில்ல மூப்பர். என் மூத்த பொண்ணு எஸ்தர், பசியாவரம் தீவுல இருக்கிற அந்தோணியக் கட்டிக்கினா. மாதா கோயில்லதான் தாலி ஏறுச்சு. அந்தோணியோட நைனா சவரிமுத்து, அந்தக் கோயிலுக்கு உபதேசியார். அவங்க சாமியார் மயிலாப்பூர்லேருந்து எப்பயாவதுதான் வருவார். மத்த நாளெல்லாம் சவரிமுத்து சொல்றதுதான் சட்டம். அப்படி, ரெண்டு கோயிலுக்கும் தலையா இருந்த ரெண்டு பேரும் சம்பந்திங்க. ஆனா மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டாங்க. எங்க வூட்டுக்காரர் அந்தக் கல்யாணத்துக்கப்புறம் எஸ்தர்னு பேரையே எடுக்கல. "அங்க போனவ"ன்னு சொல்லுவார். அதுவும் சொல்லியே ஆகணும்னா.

அந்த வருஷம் எஸ்தர் முழுகாம இருந்தா. ஐப்பசியில மழை புடிச்சுது, விடவேயில்ல. வடக்கே ஆறெல்லாம் பொங்கி ஏரியில வந்து விழுந்துச்சு. முகத்துவாரமோ மணல் அடிச்சு மூடிக் கெடந்துச்சு. மூடிப்போனா மணலைக் குறுக்கால வெட்டிக் கடலுக்கு வழி விடணும். வழி ஒரு தரம் புடிச்சுட்டா, ஏரித் தண்ணி தானே கரையைத் தின்னு அகலமாக்கிக்கும். நம்ம பக்கத்து ஜனங்களுக்கு இது தெரிஞ்ச வேலைதான். சண்டை போட்டுக்கினாவது ஒரே எடத்துல வெட்டுவாங்க.

அந்த வருஷம் ஒரே எடத்துல வெட்டல.

அந்த வருஷ மாதா திருநாள்ல ரெண்டு கூட்டத்துக்கும் நடந்த அடிதடி அப்போ ஆறல. எங்க வூட்டுக்காரர் சபையைக் கூட்டிச் சொன்னார், "அவங்க எடத்துல போய் நாம வெட்டினா, தொறந்ததும் மாதா தொறந்துச்சுன்னு சொல்லுவாங்க. நாம நம்ம எடத்துல வெட்டுவோம். பராபரன் எதைத் தொறக்குறார்னு ஊரே பாக்கட்டும்." அந்தப் பக்கம் சவரிமுத்துவும் இதையேதான் சொன்னாராம், பேரை மட்டும் மாத்தி. கூப்பிட்டாக் கேக்குற தூரத்துல ரெண்டு கூட்டமும் தனித்தனியா, நாங்க வடக்கால அவங்க தெக்கால, கால்வாய் வெட்ட ஆரம்பிச்சாங்க.

ரெண்டும் கடலைத் தொட்டுச்சு. ரெண்டுலயும் தண்ணி ஓடுச்சு. ஆனா ஓட்டம் ரெண்டாப் பிரிஞ்சதால கணுக்கால் தண்ணிதான். அது மணலைத் தின்னல. அலை வந்து போட்ட மணலைத் தள்ளக்கூட அதுக்குச் சக்தி இல்ல. இவங்க அள்ள அள்ள, பின்னாலயே மூடிக்கினு வந்துச்சு.

கங்கம்மா கும்பிடுற குப்பத்து ஆளுங்களும் மம்முட்டியோட வந்தாங்க. அவங்க குப்பத்துக்குத் தலையா இருந்த நாட்டார் ரெண்டு பக்கமும் பாத்தார். "எப்பா, நாங்களும் எறங்குறோம். எந்தப் பள்ளத்துலன்னு சொல்லுங்க"ன்னார். ரெண்டு பக்கமும் அவங்கவங்க பள்ளத்தையே பாத்து வெட்டிக்கினு இருந்தாங்க. "ஒரு சாமிக்கு இன்னாத்துக்குபா ரெண்டு வாயி?"ன்னு கேட்டார். அவர் ஆளுங்க சிரிச்சாங்க. எங்க ஆளுங்களுக்கு மூஞ்சி செத்துப்போச்சு, அவங்க ஆளுங்களுக்கும்தான். குப்பத்து ஜனம் மம்முட்டிய மடியில போட்டுக்கினு மணல்ல உக்காந்துட்டாங்க.

நான் கூழு எடுத்துனு போயிருந்தேன். அந்தக் கரையிலேருந்து பாத்தா பசியாவரம் தெரியும். அன்னைக்கு வூட்டுக் கூரைங்க மட்டும்தான் தெரிஞ்சுது. வாடைக் காத்து ஊதிக்கினு கெடந்துச்சு. காலைல தீவுலேருந்து கெளம்பின படகு ஒண்ணு நடு ஏரியில கவுந்துடுச்சுன்னு பேச்சு. யார் படகு, இன்னா ஆனாங்க, எங்க பக்கத்துல யாருக்கும் தெரியல. எஸ்தருக்கு நாள் நெருங்கிடுச்சுன்னு எனக்குத் தெரியும். வலி எடுத்துச்சோ, எடுக்கலையோ. பெத்தாளோ, தண்ணியில போனாளோ.

உக்காந்தேன். எழுந்தேன். கூழு ஊத்துனேன், யாருக்கு ஊத்தினேன்னு நெனப்பு இல்ல. கரையோரமா நடந்தேன். திரும்பி வந்தேன். திரும்பவும் நடந்தேன். அந்தோணி அந்தப் பக்கத்துப் பள்ளத்துல வெட்டிக்கினு இருந்தான். என் மருமவன். கை தட்டிக் கூப்பிட்டா திரும்புவான். கூப்பிடலாமா? எங்க வூட்டுக்காரர் பாத்துக்கினு இருந்தார், எங்க சபையே பாத்துக்கினு இருந்துச்சு. மூப்பர் பொண்டாட்டி நான். என் காலு அந்தப் பக்கம் போகும், பாதியில நின்னுடும். அப்படியே எத்தனை தரம் போய் வந்தேனோ.

கடைசியில ரெண்டு பள்ளத்துக்கும் நடுவுல, ஈர மணல்ல முட்டி போட்டேன். அங்க எந்தக் கோயிலும் இல்ல. ஜெபம் பண்ணத் தெரிஞ்சவதான் நான், சபையில எழுந்து நின்னு பண்ணியிருக்கேன். அன்னைக்கு வார்த்தை வரல. இவ்வளவுதான் வந்துச்சு: "பராபரனே, ரெண்டு வாய்ல ஒண்ண மூடும்."

அவங்களுதை மூடும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தப் பள்ளத்துல அந்தோணி குனிஞ்சு மண்ணு அள்ளுறது தெரிஞ்சுது. அவன் யாருக்காக அள்ளுறான்? நான் எதைச் சொல்ல? எதை மூடுறதுன்னு அவருக்கே விட்டேன். "எம்பொண்ணு அந்தப் பக்கம் கீறா. உமக்குத் தெரியும்"னு மட்டும் சொல்லி எழுந்தேன்.

கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். பெரிய அலை ஒண்ணு ஏறி வந்துச்சு. எங்க கால்வாயோட ரெண்டு கரையும் பொதுபொதுன்னு சரிஞ்சு உள்ள விழுந்துச்சு. ஆளுங்க கத்திக்கினு மேல தாவினாங்க. அலை திரும்பிப் போனப்போ, பாடுபட்டு வெட்டின எடம் வெறும் மணல். எங்க பக்கம் மூடிடுச்சு. எங்களுது.

எங்க வூட்டுக்காரர் முட்டியளவு சேத்துல நின்னார். யாரையும் திட்டல. அண்ணாந்து பாக்கல. மேல ஏறி வந்து, பக்கத்துல தேங்கின தண்ணியில மம்முட்டியக் கழுவினார். எந்த வேலை முடிஞ்சாலும் மம்முட்டியக் கழுவித்தான் தோள்ல வெப்பார். அப்படியே தோள்ல வெச்சு நடக்க ஆரம்பிச்சார். வூட்டுக்குப் போறார்னு நெனச்சோம். ஆனா தெக்கால நடந்தார்.

"மூப்பரே, எங்க போறீங்க?"ன்னு எங்க ஆளு ஒருத்தர் கத்தினார்.

"தண்ணி போற எடத்துக்கு"ன்னார். நிக்கல.

நான் பின்னாலயே ஓடினேன். அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன், "இன்னா மூப்பரே, உங்க சாமி கதவ மூடிட்டாரா?"ன்னு கேட்டான். ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. சவரிமுத்து பள்ளத்துக்குள்ளேருந்து நிமிர்ந்தார். தாடியெல்லாம் மண்ணு.

"வாய மூடுறா. எம்பேத்திக்கு இன்னொரு தாத்தா வந்துகீறார்."

எங்க வூட்டுக்காரர் நின்னுட்டார்.

"பேத்தியா?"

"பொண்ணுதான். விடியறப்போ பொறந்துச்சாம். கவுந்த படகுல வந்தவன் நீந்திக் கரையேறி வந்து சொன்னான்."

"விடியறப்போ பொறந்தத இப்பத்தான் சொல்றீங்களா?"

"நீங்க கேக்கல, சம்பந்தி."

காலையிலேருந்து அந்தச் சேதி அங்கதான் இருந்துச்சு. கூப்பிட்டாக் கேக்குற தூரத்துல. நான் பித்து புடிச்சவ மாதிரி நடந்துக்கினு இருந்த அதே கரையில. அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல.

சவரிமுத்து குரலைத் தாழ்த்திக்கினார். "தாயும் புள்ளையும் பரண் மேல கீறாங்க. கீழ இடுப்பளவு தண்ணி. மண்சுவரு, ஊறிப்போச்சு. பொழுது சாயற வரைக்கும் தாங்குமோ இன்னாமோ."

எங்க வூட்டுக்காரர் மம்முட்டியத் தோள்லேருந்து எறக்கினார். "எங்க எறங்கணும்?"னு மட்டும் கேட்டார்.

"கடல் வாய்ல. அங்கதான் ஆள் பத்தல."

அவர் எறங்கினார். எங்க சபை ஆளுங்க கொஞ்ச நேரம் அங்கயே நின்னு பாத்தாங்க. அப்புறம் ஒருத்தர் வந்தார். பின்னால ரெண்டு பேர். பின்ன எல்லாரும். குப்பத்து நாட்டார் எழுந்து பின்னால ஒட்டின மணலைத் தட்டிக்கினார். "இப்பத் தெரிஞ்சுபோச்சு, வாங்கடா"ன்னார். கூடையில்லாத பொம்பளைங்க நாங்க முந்தானையில மணல் அள்ளிக் கொட்டினோம். என் பக்கத்துல நின்ன மாதா கோயில் பொம்பளை கெணத்தடியில என் குடத்துக்குப் பயந்து ஒதுங்குறவ. அவ முந்தானையும் என் முந்தானையும் ஒரே மணலாச்சு.

தண்ணி முட்டிக்கு வந்துச்சு. தொடைக்கு வந்துச்சு. அப்புறம் கரை பாளம் பாளமா விழ ஆரம்பிச்சுது. "ஏறுங்க, ஏறுங்க!"ன்னு சவரிமுத்து கத்தினார். கடைசியா எங்க வூட்டுக்காரரைக் கையப் புடிச்சு மேல இழுத்தவன் அந்தோணி. அதுக்கப்புறம் யாரும் வெட்ட வேண்டியதில்ல. ஏரி எழுந்து கடலுக்குப் போச்சு. அந்த எரைச்சல்ல யார் ஸ்தோத்திரம் சொன்னாங்க, யார் அருள்நிறை மரியே சொன்னாங்க, கங்கம்மாவ யார் கூப்பிட்டாங்கன்னு பிரிச்சுக் கேக்க முடியல.

பொழுது சாயறதுக்குள்ள காத்தும் தணிஞ்சுது. படகுல முதல்ல ஏறினவ நான். சவரிமுத்து ஒரு பக்கம் கழி போட்டார், எங்க வூட்டுக்காரர் ஒரு பக்கம். அந்த வூட்டுல ஒரு சுவர் விழுந்து கெடந்துச்சு. பரண் நின்ன பக்கத்துச் சுவர் விழல. எஸ்தர் நனைஞ்ச பூனையாட்டம் புள்ளைய மாரோட அணைச்சுக்கினு இருந்தா.

"அம்மா, நைனா வந்துகீறாரா?"ன்னா.

அவர் வெளிய சேத்துல நின்னுக்கினு இருந்தார். "எஸ்தரு"ன்னு கூப்பிட்டார். அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். எனக்கும்.

புள்ளைக்கு மாதா கோயில்லதான் ஞானஸ்நானம். மரியாள்னு பேர் வெச்சாங்க. எங்க வூட்டுக்காரர் கோயில் வாசப்படி வரைக்கும் தூக்கினு போனார். படி தாண்டல. அவர் மனசு அவ்வளவுதான் போச்சு, நான் அதை மறைக்க மாட்டேன். ஆனா அன்னையிலேருந்து முகத்துவாரம் வெட்டுற நாள்ல ரெண்டு கோயில் மணியும் அடிக்கும், ஒரு கால்வாய்தான் வெட்டுவாங்க. எங்க வூட்டுக்காரர் செத்தப்போ பாடைக்கு முன்பக்கம் தோள் குடுத்தவர் சவரிமுத்து. நற்கருணை இன்னும் ஒரே மேசையில இல்ல. அதுக்காகவும் ஜெபம் பண்றேன். என் காலத்துல நடக்குமோ இன்னாமோ.

இப்ப எதுக்கு எழுதுறேன்னு கேப்பீங்க. சென்னப்பட்டணத்துலேருந்து மூணாவதா ஒரு சபை வந்திருக்கு. நல்ல ஜனங்க, நல்லாப் பாடுறாங்க. மழை புடிச்சிருக்கு. நேத்து முகத்துவாரத்துக்கு என் பழைய காலை இழுத்துக்கினு போனேன். மணல்ல குச்சி நட்டு அடையாளம் வெச்சிருக்காங்க, தங்களுக்குத் தனியா கால்வாய் வேணுமாம். எனக்கு நேத்துலேருந்து சோறு எறங்கல. அந்தக் குச்சியப் பாத்ததும் பழையபடி நடக்க ஆரம்பிச்சுட்டேன், வூட்டுக்கும் வாசலுக்கும்.

மூணு சபை ஜனங்களே, நான் படிச்சவ இல்ல. எது சரியான உபதேசம்னு எனக்குத் தீர்ப்பு சொல்ல வராது. ஒண்ணு தெரியும். ஏரி ஒண்ணு. பசியாவரத்துல இன்னைக்கும் யாரோ ஒரு பொண்ணு முழுகாம இருப்பா. தண்ணி போற எடத்துல எல்லாரும் எறங்குங்க. ஒண்ண மூடும்னு கேட்டேன், என்னுதையே மூடிக் காட்டினார். அப்படிக் கேட்டுப் பாருங்க. பயப்படாதீங்க. மூடினதுல நான் ஒண்ணும் எழந்துபோகல.

மரியாளு, இங்க வாடி. அந்தப் பரண் மேல கெடந்தவ நீதான், மூணு சபைக்கும் முன்னால நீயே வாசி. என் எழுத்து புரியலன்னா கேளு, நீயா இட்டுக்கட்டாத. பராபரன்னு நான் எழுதின எடத்துல உன் வாய்க்குச் சர்வேசுரன்னு வந்தா வரட்டும். நிறுத்தாம வாசி.