எட்டுச் செலவில் வைத்த சுருட்டு

உழுதுகொண்டு நின்றபோது இருமல் வந்தது. துப்பினேன். சேற்றில் விழுந்தது சிவப்பாக இருந்தது. காலால் மிதித்து மூடிவிட்டு அடுத்த உழவுச் சாலுக்குப் போனேன்.

இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்குக் குடியேற்றக் காணி தந்த காலம் அது. காட்டை வெட்டி எரித்து வயலாக்கியது நாங்கள்தான். ஆனால் செய்கை பண்ணாமல் விட்டால் காணி உரிமைப் பேமிற்றைத் திருப்பி வாங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு பிடி மண் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் கொட்டிலுக்குள் இருந்தார்கள்.

கிளிநொச்சி ஆசுபத்திரியில் அப்போதிக்கரி நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார்.

"சுருட்டோ, காணியோ? ஒண்டைச் சொல்லும். ரெண்டும் உமக்கு இல்லை."

"காணி" என்றேன்.

"அப்ப இண்டையோடை விடும். இன்னும் சுருட்டுப் பத்தினீரெண்டால் அடுத்த போகம் உம்மடை மனுசிதான் உழவேணும்."

விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்வது லேசு. நான் மீசை முளைக்க முதல் பத்தத் தொடங்கியவன்.

சுருட்டை விட்டுச் சில நாளில் எதைக் கண்டாலும் கோபம் வந்தது. எருமைக்கடா வரம்பில் ஏறி நின்றுகொண்டது. துவரந்தடியால் அடித்தேன். அது இறங்கிய பிறகும் அடித்தேன். முதுகுத் தோல் கிழிந்து இரத்தம் வந்தது. கடா முழந்தாளில் விழுந்தது. அப்போதும் அடித்தேன்.

பின்னால் இருந்து யாரோ தடியைப் பறித்தார்கள். அதே தடி என் முதுகில் விழுந்தது. திரும்பினேன். பக்கத்துக் காணிக்காரர். முன்பு வண்டில் ஓட்டியவர், முதிரை மரக் குற்றியைத் தனியாகத் தூக்கக்கூடிய ஆள். எல்லாருக்கும் அவர் அண்ணை.

"மாடே சுருட்டுப் பத்தினது?"

"ஏலாமல் கிடக்கு, அண்ணை."

"ஏலாட்டில் வந்து என்னை அடி. வாயில்லாச் சீவனை அடியாதை."

அவர் வாயில் சுருட்டுப் புகைந்துகொண்டிருந்தது. என் கண் அதில்தான் நின்றது. அவர் அதைக் கண்டார். சுருட்டை எடுத்து வாய்க்காலில் எறிந்தார்.

நாங்கள் மூன்று பேர். அண்ணை, நான், அடுத்த காணியில் இருந்த ஒரு கட்டை மனிதர். ஒருவர் வயலில் மற்ற இருவரும் மாறி மாறி வேலை செய்வோம். ஒருவர் மூட்டும் சுருட்டு மூன்று வாய்க்கும் போகும். அவர்கள் பத்தினால் என்னால் விட முடியாது. அதனால் மூவரும் விடுவது என்று அண்ணை சொன்னார்.

"அம்மன் கோயிலிலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவம்" என்றார் கட்டையர்.

"அம்மன் தாய். மன்னிச்சுப்போடுவா. நான் மன்னிக்கமாட்டன். பத்துறவனை மற்ற ரெண்டு பேரும் அடிக்கிறது. அவ்வளவுதான்."

"நீங்கள் பத்தினால் உங்களை ஆர் அண்ணை அடிக்கிறது? ஏணி வைச்சோ?"

"படுத்துக் கிடக்கேக்கை அடியுங்கோ."

முதலில் பிடிபட்டது கட்டையர். புதுக்குடியிருப்பில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்தார். வாய் நிறைய வெற்றிலை. அண்ணை கிட்டப் போய் வாயை மணந்து பார்த்தார். சுருட்டு நாறியது. பிறகு ஓங்கி ஒன்று விட்டார். கட்டையர் வரம்புக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். நானும் என் பங்கை அடித்தேன். அவர் எழுந்து துப்பினார். வெற்றிலையோடு ஒரு பல்லும் விழுந்தது.

"அண்ணை, மற்றப் பக்கம் ஆடுற பல்லொண்டு கிடக்கு. அடுத்தமுறை அதைப் பாருங்கோ" என்றார்.

அடுத்தமுறை வரவில்லை. அவர் விட்டுவிட்டார்.

எனக்கு மழைக்காலம்தான் பொல்லாததாக இருந்தது. மழை விடாமல் பெய்தது. பிள்ளை அழுதால் அடிக்கக் கை ஓங்கியது. ஒரு நாள் காட்டுக்கத்தியையும் எடுத்துக்கொண்டு கண்டி வீதித் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தேன். சுருட்டு வாங்கத்தான். மதகடியில் அண்ணையும் கட்டையரும் மறித்தார்கள். கத்தியை வீசினேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் முழங்கைக்குக் கீழே கடித்தேன். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. அவர் கத்தவில்லை. விடவும் இல்லை.

இருவரும் என்னை இழுத்து வந்து என் வளவுப் பாலைமரத்தில் மாட்டுக் கயிற்றால் கட்டினார்கள். மனைவி சோறு கொண்டு வந்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"அவிழ்த்துப்போடாதேங்கோ, அண்ணை" என்று சொல்லிவிட்டு என் வாயில் தீத்தினாள். சோற்றை அவள் முகத்தில் துப்பினேன். துடைத்துவிட்டுத் திரும்பவும் தீத்தினாள்.

அண்ணை எனக்கு எதிரே குந்தி இருந்தார். கையில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. அது சிவந்துகொண்டு வந்தது.

"பத்தவேணும் போலை கிடக்கோ?"

"ஓம்."

"எனக்கும்" என்றார்.

பொழுதுபடக் கயிற்றை அவிழ்த்தார்.

கதிர் வரும்போது எனக்கு இருமல் குறைந்துவிட்டது. இரத்தம் வரவில்லை. வாய்க்கால் அணையை மூச்சு வாங்காமல் ஏறினேன்.

அந்த மாதம்தான் ஒரு காட்டு எருமைக்கடா அண்ணையின் மாட்டுப் பட்டிக்குள் புகுந்தது. குழுவன் என்போம். அதைக் கலைக்க அண்ணை தடியோடு போனார். சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். கொம்பு அவர் வயிற்றைக் கிழித்திருந்தது. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினோம். லொறி வர முதல் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டும்போது அவர் கையைப் பிடித்திருந்தது நான். என் பல் பதிந்த இடம் ஆறி வெள்ளையாக இருந்தது.

செத்தவீட்டில் வெற்றிலையும் சுருட்டும் வைத்த தட்டம் சுற்றி வந்தது. நானும் கட்டையரும் தொடாமல் அடுத்த ஆளிடம் தள்ளினோம்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணையின் தமையன் வந்திருந்தார். இறைச்சிக் கறி, சாராயம், அவித்த முட்டை எல்லாம் வைத்தார். கடைசியாக ஒரு சுருட்டை மூட்டி இலையில் வைத்தார்.

"தம்பிக்குச் சுருட்டெண்டால் உயிர்."

அவர் பழைய அண்ணையைத்தான் அறிவார். நான் வாய் திறக்க முதல் கதவைச் சாத்திவிட்டார்கள். செத்தவர் வந்து சாப்பிடுவதற்கு. புகை கிடுகுக் கூரை இடுக்கால் வெளியே வந்தது. எனக்கு வாய் ஊறியது. கதவு திறந்தபோது தமையன் சுருட்டை எடுத்து ஊதிக் கங்கு பிடிக்க வைத்து என்னிடம் நீட்டினார்.

"நீர்தானே அவன்ரை கூட்டாளி. அவன்ரை பங்கைப் பிடியும்."

படைத்ததை மறுக்கக் கூடாது. அதுவும் அண்ணையின் பங்கு. கை போய் வாங்கியது. சுருட்டு உதட்டில் பட்டது.

அப்போது என் வாயில் குத்து விழுந்தது. கட்டையர். சுருட்டுப் பறந்தது. என் பல் ஒன்று உடைந்தது.

செத்தவீட்டில் சண்டித்தனமோ என்று தமையன் விறகுக் கட்டையை எடுத்துக் கட்டையரின் தலையில் போட்டார். மண்டை பிளந்தது. நான் தமையனின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தேன். ஏன் என்று தெரியாது. மண்சுவர் இடிந்து மூவரும் முற்றத்தில் விழுந்தோம். பெண்கள் குளறினார்கள்.

அண்ணையின் மனைவி குடத்தோடு வந்து எங்கள் மேல் தண்ணீரைக் கொட்டினா.

"அவர் சுருட்டை விட்டவர். இந்த ரெண்டு பேரோடை சேர்ந்து விட்டவர். ஆர் அதை வைச்சது?"

"எனக்குத் தெரியாதே, பிள்ளை" என்றார் தமையன். அவருக்கு மூச்சு வரவில்லை.

அவா சுருட்டைத் தேடி எடுத்து வெறுங்காலால் மிதித்தா. கங்கு இருந்தது. காலை எடுக்கவில்லை. பிறகு கட்டையரைப் பார்த்தா. அவர் முகம் முழுக்க இரத்தம். என்னைக் காட்டி அவரிடம் கேட்டா.

"இவருக்கு அடிச்சது காணுமோ? காணாட்டில் இன்னும் ரெண்டு போடுங்கோ. அவர் இருந்தால் போட்டிருப்பார்."

கட்டையர் இன்னும் இரண்டு போட்டார். நான் கையைத் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சுருட்டைத் தொட்டதில்லை. அடுத்த காலபோக விதைப்புக்கு மூன்று காணியையும் இரண்டு பேர் உழுதோம்.